குறும்பு யார் குற்றம்?

பள்ளிக்கூடம் விட்ட பிறகு மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துத் தமிழ் மன்றம் நடத்துகின்ற தோழர்கள் எந்த ஊரில் இருந்தாலும், அவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. அதாவது, "இருபது பிள்ளைகள் வருகிறார்கள், பதினேழு பேர் ஒழுங்காக இருக்கிறார்கள், மூன்று பேர் மாத்திரம் அடங்குவதில்லை, அந்த மூன்று பேரை அதட்டுவதிலேயே மன்றத்தின் நேரம் முழுவதும் போய்விடுகிறது, இவர்களை அடிப்பதா, விரட்டுவதா, அல்லது மன்றத்தையே மூடிவிடுவதா?" என்பதுதான். இந்தக் கேள்வியைச் சிறு கேள்வி என்று தள்ளிவிடுவதற்கில்லை. அந்த மூன்று பேரை நாம் என்ன செய்கிறோமோ அதிலிருந்துதான் நம்முடைய பகுத்தறிவு மேடையில் பேசுவதற்கு மாத்திரமா, அல்லது வீட்டிலும் வகுப்பிலும் நடந்து காட்டுவதற்குமா என்பது தெரியப்போகின்றது.

ஒரு பிள்ளை குறும்பு செய்தால் நம்முடைய நாட்டில் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று தலையெழுத்து, மற்றொன்று பிறவிப் புத்தி. தலையெழுத்தென்று சொல்லுகிறவர்கள் பிள்ளையைத் திருத்தணி மலைக்கு அழைத்துக்கொண்டு போய் மொட்டையடித்து, இடுப்பில் தாயத்துக் கட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். மலையின் 365 படிகளையும் ஏறி இறங்கிய களைப்பினால் அன்றைக்கு ஒருநாள் அந்தப் பிள்ளை சும்மா படுத்திருக்கலாம். மறுநாள் எழுந்தவுடன் பழைய பிள்ளைதான்; மயிர் மாத்திரந்தான் இல்லை. பிறவிப் புத்தியென்று சொல்லுகிறவர்களோ இவர்களைவிட மோசமானவர்கள். "அவன் எந்தத் தெரு என்று தெரியாதா? அந்தப் புத்தி எங்கே போகும்?" என்று கூசாமல் கேட்கிறார்கள். படித்தவர்களும், ஏன், நம் கூட்டங்களுக்கு வந்து கைதட்டுகிறவர்களுங்கூட கோபம் வந்த நேரத்தில் இப்படிப் பேசிவிடுவதுண்டு. பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லையென்று மேடையில் பேசிவிட்டு, பிறப்பினால் குறும்பு உண்டென்று வகுப்பில் பேசுவதற்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்கின்றோம்.

நிற்க, பள்ளிப்பட்டு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு இந்த விஷயத்தைச் சற்று யோசித்துப் பார்ப்போம். இது ஆந்திர எல்லையை ஒட்டிய பகுதி. 1953ஆம் வருஷம் ஆந்திர இராஜ்யம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்து அந்தப் பக்கம் போய், பெரிய கிளர்ச்சிக்குப் பிறகு 1960ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 1ஆம் தேதி திருத்தணியோடு கூடத் தமிழ்நாட்டிற்கு வந்து சேர்ந்தது. இப்பொழுது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. எல்லைக்கோடு ஒரே நாளில் மாறிவிடலாம். ஆனால் வீட்டில் பேசுகின்ற பாஷை கோட்டோடு மாறுவதில்லை. ஆகவே இந்தப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும், தெருவில் இரண்டும், பள்ளிக்கூடத்தில் தமிழுமாக வளருகின்ற பிள்ளைகள் அநேகம்.

இந்த எல்லைப் பகுதியில் மாலைத் தமிழ் வகுப்பு என்பது நேற்றுத் தோன்றிய சங்கதியுமல்ல. குருவராயப்பேட்டையில் தமிழ்ச் சங்கம் வைத்து, சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் போய்ச் சம்பளமில்லாமல் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் மங்கலங்கிழார் 1953இல் மறைந்தார். அவருடைய சமயக் கொள்கைக்கும் நம்முடைய கொள்கைக்கும் வெகு தூரம். ஆனாலும் கூலி வாங்காமல் பாஷையைக் கற்பித்த தொண்டு தொண்டுதான். அதை மறைப்பது நாணயமாகாது. பிற்காலத்தில், 2021ஆம் வருஷம் அக்டோபரில் தமிழ்நாட்டு அரசாங்கம் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திலும், தொண்டர்கள் தங்கள் தெருவிலேயே மாலையில் இருபது பிள்ளைகளைப் போலக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இவற்றிற்கெல்லாம் பொதுவான குணம் ஒன்று உண்டு. இங்கே ஆஜர்ப் பட்டியலுக்குப் பயந்து வருகிறவன் கிடையாது. பரீட்சையில் தவறிவிடுவோமென்று வருகிறவனும் கிடையாது. பிள்ளை விரும்பினால் வருவான். விரும்பாவிட்டால் நாளைக்கு வரமாட்டான். அப்படியிருக்க, அடங்காத பிள்ளையும் மறுநாள் மன்றத்திற்குத் திரும்பி வருகிறானென்றால், அவனுக்கு அங்கே ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அது என்னவென்று கேட்காமல் பிரம்பை எடுப்பது எந்த அறிவைச் சேர்ந்தது?

காரியமிருந்தால் காரணமிருக்கும் என்பதுதான் பகுத்தறிவின் அரிச்சுவடி. மழை பெய்யாததற்கு வருண ஜபம் செய்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிற நாம், பிள்ளை சத்தம் போடுவதற்கு மாத்திரம் காரணம் தேடாமல் "அவன் அப்படித்தான்" என்று சொல்லிவிடலாமா? காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற் காரணம் வயிறு. பிள்ளை மதியம் பன்னிரண்டரை மணிக்குச் சாப்பிடுகிறான். மன்றம் கூடுவது மாலை நாலரை அல்லது ஐந்து மணிக்கு. இடையில் நாலு மணி நேரம் ஒன்றுமில்லை. பசித்த வயிற்றுக்கு இலக்கணம் ஏறாது என்பதை நம் முன்னோர்களான ஜஸ்டிஸ் கட்சியார் கண்டு, 1920இலேயே தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. காமராசர் காலத்தில் 1956இல் அது நாடெங்கும் பரவத் தொடங்கிற்று. 2022இல் காலை உணவும் வந்து சேர்ந்தது. காலைக்கும் மதியத்திற்கும் அரசாங்கம் வழிசெய்திருக்கும்போது, மாலைக்கு ஒரு பிடி சுண்டலோ வேர்க்கடலையோ கொடுக்க ஊரிலுள்ள தோழர்களால் முடியாதா? ஒரு கிருத்திகைக்குக் காவடி எடுக்கச் செலவாகும் பணத்தில் இருபது பிள்ளைகளுக்கு எத்தனை நாள் சுண்டல் போடலாமென்று கணக்குப் பார்க்கட்டும்.

இரண்டாவது, உடம்பு. காலை முதல் மாலை வரை பெஞ்சியில் உட்கார்ந்து வந்த பிள்ளையை மறுபடியும் பாயில் உட்காரவைத்து "அசையாதே" என்றால், அசையாமல் இருப்பவனைத்தான் வைத்தியரிடம் காட்டவேண்டும். முதல் அரைமணி நேரம் ஓடவிட்டு, விளையாடவிட்டு, பிறகு உட்காரவைத்தால் பாதிக் குறும்பு மைதானத்திலேயே தீர்ந்துபோகும். இதற்குக் காசு பணம் ஒன்றும் வேண்டியதில்லை.

மூன்றாவது, வீடு. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய ஊர்கள் தறி ஊர்கள். விசைத்தறி ஓடுகின்ற வீட்டில் தாயைச் சாதம் கேட்பதானாலும் பிள்ளை கத்தித்தான் கேட்கவேண்டும். அப்படிப் பழகிய பிள்ளை மன்றத்திலும் கத்தித்தான் பேசுவான். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளுகிற ஆசிரியர், ஒருநாள் அந்த வீட்டில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும். அன்றியும், காது சரியாகக் கேட்காத பிள்ளை சொன்னதைச் செய்யமாட்டான். கண் சரியாகத் தெரியாத பிள்ளை பலகையைப் பாராமல் பக்கத்திலிருப்பவனைக் கிள்ளுவான். ஒரு நிமிஷங்கூட மனதை ஓரிடத்தில் நிறுத்த முடியாமல் தவிக்கிற பிள்ளைகளும் உண்டு. அதற்கும் இன்று வைத்திய சாஸ்திரத்தில் பேரும் இருக்கிறது, வழியும் இருக்கிறது. இவர்களைக் கொண்டுபோகவேண்டிய இடம் அரசாங்க ஆஸ்பத்திரியே தவிர மந்திரவாதியின் திண்ணையல்ல.

நான்காவதுதான் மிக முக்கியமானது. அது பாஷை. மொழி மன்றத்தில் குழப்பம் செய்கிற பிள்ளை பெரும்பாலும் அந்த மொழியில் பின்தங்கிய பிள்ளையாகவே இருப்பதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் தடுமாறுகிறான், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். மறுநாள் தன் முறை வருவதற்குள் அவனே ஒரு கோமாளித்தனம் செய்து எல்லோரையும் சிரிக்க வைத்துவிடுகிறான். தன்னைப் பார்த்துச் சிரிப்பதைவிடத் தன்னால் சிரிப்பது மேலல்லவா என்பது அவன் கணக்கு. இதில் புத்திக் குறைவு எங்கே இருக்கிறது? மானமுள்ளவன் செய்கிற தந்திரமல்லவா இது? சுயமரியாதை என்பது நாம் சொல்லிக்கொடுத்துத்தான் பிள்ளைக்கு வரவேண்டுமென்பதில்லை. அவனிடம் அது முன்னமே இருக்கிறது. நாம் அதைக் கெடுக்காமலிருந்தால் போதும்.

தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தெலுங்கில் வல்லோசைக்கு ஓரெழுத்து, மெல்லொலிக்கு வேறோரெழுத்து என்று தனித்தனியே எழுத்துகள் இருக்கின்றன. தமிழிலோ ஒரே "க" காலுக்கும் வரும், தங்கத்திற்கும் வரும், அகத்திற்கும் வரும். மூன்றுக்கும் ஒலி வேறு. "ஒரே எழுத்தை ஏன் மூன்று விதமாக வாசிக்கிறீர்கள்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அது குறுக்குக் கேள்வியா, அறிவுக் கேள்வியா? "பல்லி" என்று ஆசிரியர் சொல்லும்போது "எங்கள் வீட்டில் இதையே அழுத்திச் சொல்லுவார்கள்" என்று அவன் சொன்னால் அது குறும்பா, ஒப்பிலக்கணமா? இதற்குப் பதில் சொல்லத் தெரியாத ஆசிரியர் "உட்காரடா" என்று அதட்டுகிறார். அப்புறம் அந்தப் பிள்ளை கேள்வியை விட்டுவிட்டுக் கூச்சலை எடுத்துக்கொள்ளுகிறான். கேள்வி அடைபட்ட இடத்தில்தான் கூச்சல் பிறக்கிறது.

எழுத்தைக் கற்பதிலுள்ள கஷ்டம் பிள்ளையின் குற்றமல்ல என்பதை இந்த இயக்கம் வெகு காலத்திற்கு முன்னமே சொல்லியிருக்கிறது. 247 எழுத்துகளைச் சுமக்கின்ற பிள்ளையின் பாரத்தைக் குறைக்கவேண்டுமென்றுதான் பெரியார் 1935இல் "குடி அரசு" பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதில் 13 எழுத்துகளின் மாறுதலை அரசாங்கம் 1978இல் ஏற்றுக்கொண்டது. பிள்ளை திண்டாடினால் பிள்ளையை அடிப்பதா, எழுத்தைத் திருத்துவதா என்ற கேள்விக்கு எழுத்தைத் திருத்துவதென்று முடிவு சொன்ன இயக்கம் இது. அந்த இயக்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு பிரம்பைத் தூக்குவது எப்படிப் பொருந்தும்? அந்தப் பெரியாரே ஈரோட்டில் சிறு பிள்ளையாயிருந்த காலத்தில் அடங்காத பிள்ளையென்று பேரெடுத்து, காலில் விலங்கு பூட்டப்பட்டவர்தான். விலங்கு பூட்டியதால் அவர் அடங்கிவிட்டாரா என்பதை உலகம் அறியும்.

"அடியாத மாடு படியாது" என்று சிலர் பழமொழி சொல்லுவார்கள். மாட்டுக்குச் சொன்னதை மனிதப் பிள்ளைக்குச் சொல்லுவதற்கு முன், அடித்து ஓட்டிய மாடு என்றைக்காவது ஒரு எழுத்தாவது வாசித்ததுண்டா என்று யோசிக்கவேண்டும். பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கோதண்டம் போட்டுப் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். புளிய மிளாறால் விளாசினார்கள். அதனால் எத்தனை பேர் படித்தார்கள் என்று கணக்குக் காட்டுகிறவர்கள், எத்தனை பேர் பள்ளிக்கூடத்தையே விட்டு ஓடினார்கள் என்ற கணக்கையும் காட்டவேண்டாமா? "அடித்தால் உடனே அடங்குகிறானே" என்பார்கள். அடங்குகிறான், உண்மைதான், அது அடிக்கிறவர் முகத்தைத் திருப்புகிற வரையில்தான். அந்தப் பொழுதில் அவன் கற்றுக்கொண்டது தமிழல்ல. கையில் பலமுள்ளவன் பலமில்லாதவனை அடிக்கலாமென்ற பாடத்தைத்தான். அதை மறுநாள் தன்னிலும் சிறிய பிள்ளையிடம் ஒப்பித்துக் காட்டுவான். சட்டமும் இப்பொழுது இதற்கு இடங்கொடுப்பதில்லை. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பள்ளிப் பிள்ளையை உடம்பால் தண்டிப்பதையும் மனதால் துன்புறுத்துவதையும் தடுத்திருக்கிறது. சம்பளம் வாங்கும் பள்ளிக்கூடத்தில் கூடாதென்று ஆன காரியம், தொண்டென்ற பேரால் நடக்கும் மன்றத்தில் மாத்திரம் கூடுமா?

சரி, அடிக்கவேண்டாம், விரட்டிவிடலாமென்றால், விரட்டப்பட்ட பிள்ளை எங்கே போவான் என்பதையும் பார்க்கவேண்டும். நம் மன்றத்தின் கதவு சாத்தப்பட்டால் அவனுக்காகத் திறந்திருக்கும் கதவுகள் அநேகம். கையில் ஒரு நிறக் கயிறு கட்டி, "நீ நம்ம ஆள்" என்று தோளில் தட்டுவதற்கு ஜாதிக் கூட்டத்தார் தெருமுனையில் காத்திருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தாழ்த்தப்பட்ட மாணவனை அவன் வீட்டிலேயே புகுந்து வெட்டினவர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், ஜாதியைக் காட்டும் கயிறுகளும் நெற்றிக் குறிகளும் பள்ளியில் கூடாதென்றும், பிள்ளைகளைப் பெயரின் அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டுமென்றும் சொல்லப்பட்டிருக்கிறது. உட்காரும் இடம் சிறு சங்கதியென்று நினைக்கவேண்டாம். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே மூலையில் உட்கார்ந்தால் அங்கே மன்றம் நடவாது. தெருச் சண்டைதான் நடக்கும். பெயர் வரிசையில் உட்காரவைத்து வாரத்திற்கு ஒருமுறை மாற்றிவந்தால், குறும்பும் குறையும், தெருவும் கலையும்.

நிற்க, இவ்வளவும் சொன்னதால் எந்தக் கூச்சலையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமென்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணிவிடக்கூடாது. மூன்று பேர் கூச்சலிடும்போது பதினேழு பேர் நஷ்டமடைகிறார்கள். அதிலும் பின்வரிசையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகள்தான் அதிகம் நஷ்டமடைகிறார்கள். குறும்புப் பையனுக்கு ஆசிரியரின் அதட்டலாவது கிடைக்கிறது. சாதுவான பெண்ணுக்கு அதுவுமில்லை. ஒருவன் மற்றொருவனை அடித்தாலும், ஜாதிப் பேரோ, "தெலுங்கன்" என்ற ஏளனமோ சொல்லி ஒருவரை அவமானப்படுத்தினாலும், அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும். அதில் தயவு தாட்சண்யம் கூடாது. ஆனால் எப்படி நிறுத்துவது என்பதில்தான் அறிவு வேண்டும்.

நமக்குத் தோன்றுகிற வழிகளைச் சொல்லுகிறோம். முதலாவது, மன்றத்தின் விதிகளைப் பிள்ளைகளே கூடிப் பேசி நாலைந்தாக வகுக்கட்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது, தவறாக வாசித்தவரைப் பார்த்துச் சிரிக்காதது, கையால் தொடாதது என்பது போன்றவை போதும். அந்த விதி ஆசிரியரையும் கட்டவேண்டும். நேரம் கழித்து வந்த ஆசிரியர் பிள்ளைகளிடம் காரணம் சொல்லட்டும். தான் வகுத்த விதியை மீற மனிதனுக்குக் கூச்சமிருக்கும். மேலேயிருந்து வந்த விதியை மீறுவதில் பெருமையிருக்கும்.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம். எந்தப் பிள்ளை, எத்தனை மணிக்கு, என்ன வேலை நடக்கும்போது குழப்பம் செய்தான் என்று ஒரு வாரம் எழுதிப் பார்க்கவேண்டும். எப்போதும் வாசிப்பு நேரத்தில்தான் என்றால் காரணம் பாஷை. எப்போதும் கடைசி அரைமணியில் என்றால் காரணம் பசி. எப்போதும் குறிப்பிட்ட ஒருவன் பக்கத்தில் என்றால் காரணம் இடம். ஜோசியனுடைய பஞ்சாங்கத்தைவிட இந்த நோட்டுப் புத்தகம் உண்மையைச் சொல்லும்.

மூன்றாவது, வேலை. சும்மா இருக்கும் கைதான் கிள்ளும். 1789இல் சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் விடுதிக்குத் தலைவராக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தம்முடைய விடுதியிலும் அதைச் செய்யச் சொன்னார். உபாத்தியாயர் முடியாதென்று சொல்லிவிட்டார். பெல், எட்டு வயதுள்ள ஃபிரிஸ்கென் என்ற பையனிடம் அந்த வகுப்பை ஒப்புவித்தார். பையன் நடத்திக் காட்டினான். இது பிற்பாடு "மதராஸ் முறை" என்ற பேரோடு இங்கிலாந்துக்கே போயிற்று. பெரியவர் முடியாதென்றதை எட்டு வயதுப் பிள்ளை முடித்தானென்றால், நம் மன்றத்துக் குறும்பனிடம் பலகை, பத்திரிகை வாசிப்பு, விளையாட்டுக்கு நேரம் பார்ப்பது ஆகிய வேலைகளில் ஒன்றை ஒப்புவித்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? தெலுங்கு தெரிந்த பிள்ளையை நாளொன்றுக்கு ஐந்து தெலுங்குச் சொல்லை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி விட்டால், நேற்றுவரை சிரிக்கப்பட்டவன் இன்றைக்கு ஆசிரியனாகிறான். தமிழுக்கு இதனால் ஒரு குறைவும் வராது. தமிழ் கற்க ஒரு பிள்ளை கூடுவான்.

நான்காவது, கண்டிப்பதைத் தனியே அழைத்துக் கண்டிக்கவேண்டும். செய்கையைக் கண்டிக்கவேண்டுமே தவிர ஆளையும் அவன் தாய் தகப்பனையும் தெருவையும் இழுக்கக்கூடாது. அடித்தவன் அன்றைய விளையாட்டில் சேராமல் உட்காரட்டும். அடிபட்டவனிடம் போய்த் தன் தவறைச் சொல்லட்டும். ஆனால் நாளைக்கு அவன் இடம் அவனுக்கே இருக்கும் என்பதையும் அன்றைக்கே அவனிடம் சொல்லிவிடவேண்டும். பெற்றோரிடம் போகிறவர்கள் முதல் தடவை ஒரு நல்ல சேதியோடு போகட்டும். எப்பொழுதும் புகாரோடு வருகிற ஆசிரியரைக் கண்டால் தகப்பனுக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் பிள்ளையின் முதுகில்தான் இறங்கும்.

கடைசியாக ஒன்று. மன்றம் நடத்துகிறவர்கள் தங்களையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளவேண்டும். பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அதே பாடத்தை மாலையிலும் ஒப்பிக்கச் சொன்னால், அது மன்றமா, இரண்டாவது சிறையா? யாரோ எழுதிக்கொடுத்த பேச்சை உருப்போட்டுச் சொல்லுவதற்குப் பேச்சுப் போட்டி என்று பேர் வைத்தால் பிள்ளைக்குத் தூக்கம் வராதா? தெருவிளக்கு எரியாததற்குப் பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுதச் சொல்லுங்கள். அன்றைய பத்திரிகையை வாசித்து அதில் எது உண்மை, எது புரட்டு என்று வாதாடச் சொல்லுங்கள். தாயத்துக் கட்டினால் பரீட்சையில் தேறலாமா என்று இரு கட்சியாகப் பிரித்துவிடுங்கள். பத்துநிமிஷ நாடகம் ஒன்றை அவர்களே எழுதி நடிக்கட்டும். அப்பொழுது பாருங்கள், குரல் பெரிதாயிருக்கிறது என்று குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைதான் முதலில் எழுந்து நிற்பான்.

தோழர்களே! "ஏன், எதற்கு, எப்படி?" என்று கேளுங்கள் என்றுதான் நாம் ஊர் ஊராகச் சொல்லி வந்திருக்கிறோம். அந்தச் சொல் காதில் விழுந்த பிள்ளை முதன்முதலில் யாரைக் கேட்பான்? தனக்கு எதிரிலிருக்கிற ஆசிரியரைத்தான் கேட்பான். அப்படிக் கேட்டவனைக் குறும்பன் என்று விரட்டிவிட்டு, வாய்மூடி உட்கார்ந்திருப்பவனை நல்ல பிள்ளையென்று மெச்சுவோமானால், அது மனுதர்மக்காரன் நடத்துகிற வகுப்பாகுமேயொழிய நம் வகுப்பாகாது. பிள்ளையின் குறும்புக்குக் காரணம் கண்டு மாற்றுகிறவனே ஆசிரியன். காரணம் காணாமல் தண்டிக்கிறவன் பூசாரிக்குச் சமானம். பள்ளிப்பட்டிலோ, வேறு எந்த ஊரிலோ மாலை மன்றம் நடத்துகிற தோழர்கள், அந்த மூன்று பிள்ளைகளின் பேரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, நாளை மாலையிலிருந்தே கவனித்து வரும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.